அவன் எடுக்காத வரி

லிங்கி எஸ்டேட், மூன்றாவது லயம்
9.8.1998

சீதாலெட்சுமிக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. உன் விலாசம் என் பேரன் அர்ச்சுனனின் பழைய கடித உறையில் இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

நாலு ஞாயிற்றுக்கிழமையாகச் சாயங்காலம் நாலு மணிக்கு இந்த வீட்டு டெலிபோன் அடிக்கிறது. முதல் வாரம் நான் எடுத்தேன். காதுக்குள் ஆணி அறைகிற மாதிரி ஒரு கூச்சல். பக்கத்து வீட்டு முத்தாயி பயந்துபோய், "ஆயா, இது பேய் சத்தம் லா, கீழ போடுங்க" என்றாள். மறுவாரம் நான் எடுக்கவில்லை. அவன் மேசை மேல் இருக்கிற மிஷின் தானே எடுத்தது. அதே கூச்சல், பச்சை விளக்கு மினுக்கியது, ரெண்டு நிமிஷத்தில் நின்றது. நேற்று வரைக்கும் யார் என்று யோசித்தேன். இன்றைக்கும் அடித்தபோது தெரிந்துவிட்டது. அவன் உயிரோடு இருந்த காலத்திலும் ஞாயிறு நாலு மணிக்குத்தான் இது கூவும். அது நீதான்.

செத்தவன் வீட்டுக்குள் உனக்கு என்ன தேடல்? உன்னோடு நான் வாய் திறந்து பேசுவதில்லை என்று பதினாறாம் நாள் வாசலில் வைத்துச் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். அதனால் டெலிபோனில் சொல்லாமல் எழுதுகிறேன். நிறுத்து.

மயிலம்மாள்


பினாங்கு
16.8.1998

மதிப்பிற்குரிய பாட்டிக்கு,

நான்தான். மன்னியுங்கள். முதல் வாரம் நீங்கள் எடுப்பீர்கள் என்று நினைக்கவில்லை. "யாரு? யாருடா அது?" என்று உங்கள் குரல் கேட்டது. என் பக்கமும் கம்ப்யூட்டரின் மோடம்தான் பேசிக்கொண்டிருந்தது, என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முடிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது.

என்ன தேடுகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

அர்ச்சுனன் அந்த மிஷினை வெறும் கம்ப்யூட்டராக வைத்திருக்கவில்லை. தூரத்தில் இருந்தும் உள்ளே வரக்கூடிய சர்வராக வைத்திருந்தார். லினக்ஸ் என்று பெயர். நான் இங்கிருந்து டெலிபோன் செய்தால் அது எடுக்கும், எடுத்ததும் நீ யார் என்று கேட்கும். ரகசியச் சொல் எதையும் அவர் எனக்குத் தரவில்லை. சாவி செய்து தந்தார். அது இரண்டு பாதி. ஒரு பாதி என் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. இன்னொரு பாதி ஒரு நீண்ட வரி, அதன் கடைசியில் என் பெயர். அந்த வரியை அவர் தன் வீட்டுக்குள், ஒரு கோப்பில் வைத்திருந்தார். இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும். ஞாயிறுதோறும் அப்படித்தான் வருவேன். நான் இங்கே தட்டுவது அங்கே அவர் திரையில் தெரியும்.

ஜூன் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, நாங்கள் சண்டை போட்டது உங்களுக்குத் தெரியும். நீங்கள் அந்த அறையில்தான் இருந்தீர்கள் என்று அவர் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வந்து அப்பச்சியிடம், அதுதான் என் அப்பாவிடம், பெண் கேட்கிறேன் என்றார். இப்போது வேண்டாம் என்றேன். அவர் கடைசியாகச் சொன்னது: "உன் சாவிய எடுத்துடறேன். இனிமே என் வூட்டுக்குள்ள நீ நுழைய முடியாது." வைத்துவிட்டார். ஞாயிறு காலையில்...

ஒரு மாதம் கழித்து முயன்றேன். மிஷின் என் சாவியை ஏற்கவில்லை. ரகசியச் சொல் கேட்கிறது. என்னிடம் இல்லை.

நான் உள்ளே வந்து எதையும் எடுக்கப்போவதில்லை, பாட்டி. சொன்னபடி அந்த வரியை அவர் எடுத்துவிட்டாரா என்பது மட்டும் தெரிய வேண்டும். அது தெரியாமல் என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை.

சீதாலெட்சுமி


லிங்கி எஸ்டேட்
30.8.1998

சீதாலெட்சுமிக்கு,

பாட்டி என்று எழுதாதே. நான் உனக்குப் பாட்டி இல்லை.

எடுத்திருப்பான். எடுத்தது நல்லது. வாயால் ஒன்று சொல்லிக் கையால் ஒன்று செய்கிறவனாக நான் அவனை வளர்க்கவில்லை.

எனக்கு மறதி கிடையாது. தொண்ணூற்று ஆறு தைப்பூசத்துக்கு மறுநாள், லோபாக்கில் உன் அப்பா சேவுகன் கடைக்கு அவன் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போனான். நானும் கூடப் போயிருந்தேன், உனக்குத் தெரியாது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எல்லாருக்கும் சில்வர் தம்ளரில் தேத்தண்ணி. அவனுக்கு மட்டும் உன் அம்மா காமாட்சி கண்ணாடி கிளாஸில் கொடுத்தார். குடித்து முடித்ததும் அந்தக் கிளாஸைத் தனியே குழாயடியில் வைத்தார். அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அந்த அம்மாள் கட்டியிருந்தது அரக்குக் கரை போட்ட மஞ்சள் சேலை. நீ உள்ளே கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டாய்.

வெள்ளிக்கிழமை டெலிபோனை வைத்த பிறகு அவன் சோறு தின்னவில்லை. சனிக்கிழமையும் தின்னவில்லை. ரெண்டு நாள் வெறும் வயிறோடு, மனசு ஓர் இடத்தில் இல்லாமல் மோட்டார் ஏறினான். செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரி மோதியது. லோரிக்காரன் மேல் போலீஸ் கேஸ் எழுதியது. நான் எழுதியது உன் மேல்.

மிஷினை நான் தொட மாட்டேன். அணைக்கவும் இல்லை. அவன் விட்டுப்போன திரை அப்படியேதான் இருக்கிறது, ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. துடைக்கிறேன், அவ்வளவுதான்.

மயிலம்மாள்


பினாங்கு
7.9.1998

மதிப்பிற்குரிய அம்மா,

கிளாஸ் விஷயம் உண்மை. நான் குனிந்துகொண்டதும் உண்மை.

அவர் திரை அப்படியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒரே ஓர் உதவி. என் மேல் இருக்கும் கோபத்தோடேயே செய்யுங்கள். கீழே பெரிதாக எழுதியிருக்கும் எழுத்துகளை, விசைப்பலகையில் அதே வடிவத்தைத் தேடி ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். விசைகளில் எல்லாம் பெரிய எழுத்துதான் இருக்கும், அதனால் ஒவ்வொன்றின் மேலும் பெரிய எழுத்தையும் பென்சிலால் போட்டிருக்கிறேன். இடைவெளி விட்ட இடத்தில் நீளக் கட்டையை ஒருமுறை தட்ட வேண்டும். தரையில் கிடக்கும் கோட்டுக்கு மட்டும் ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வலப்பக்கம் அம்பு வளைந்திருக்கிற விசை.

ls -ld . .ssh .ssh/authorized_keys

மூன்று வரி வரும். மூன்றாவது வரிதான் சாவி இருக்கும் கோப்பு. அதில் நடுவே ஒரு தேதி இருக்கும், அந்தக் கோப்பில் கடைசியாகக் கை வைத்த நாள். மாதம் மூன்று எழுத்தில் வரும். முதல் எழுத்து தூண்டில் முள்போல் கீழே வளைந்திருந்து, பக்கத்தில் பன்னிரண்டோ பதின்மூன்றோ இருந்தால், ஜூன். சண்டைக்குப் பிறகு என் வரியை எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். ஒரு கம்பமும் வலப்பக்கம் இரண்டு கிளையும் உள்ள எழுத்தாக இருந்தால், பிப்ரவரி. அவர் எனக்குச் சாவி தந்த மாதம். அதற்குப் பிறகு தொடவே இல்லை என்று அர்த்தம்.

ஜூன் என்றால் ஜூன் என்றே எழுதுங்கள். இனி அழைக்க மாட்டேன். இந்த ஞாயிறும் அழைக்கவில்லை.

சீதாலெட்சுமி


லிங்கி எஸ்டேட்
27.9.1998

சீதாலெட்சுமிக்கு,

நீ சொன்னதற்காகச் செய்யவில்லை. நாலு மணிக்கு டெலிபோன் அடிக்காமல் ரெண்டு ஞாயிறு போனது. வீடு என்னவோ போல் இருந்தது. அதனால் செய்தேன்.

மூன்று தடவை தப்பாகப் போனது. மிஷின் என்னவோ திட்டியது, நானும் திட்டினேன். முத்தாயி வந்து எட்டிப் பார்த்து, "ஆயா ஆபீஸ் கிராணி ஆயிட்டாங்க லா!" என்று லயத்தில் வீடு வீடாகச் சொல்லிவிட்டாள். நாலாவது தடவை மூன்று வரி வந்தது.

இடப்பக்கம் முதல் குறியைத் தள்ளி, மற்றதை அப்படியே எழுதுகிறேன். மூன்று எழுத்து. ஒன்று கம்பத்தில் ஒரு சின்னக் கிளை. இரண்டாவது ரெண்டு பள்ளம் சேர்ந்த மாதிரி. மூன்றாவது பெருக்கல் குறி. இந்த மூன்றே திரும்பத் திரும்ப மூன்று முறை வருகிறது, நடுவில் கோடு ஒன்றும் இல்லை. மூன்று வரியிலும் அதேதான். ரப்பர் பால் மரத்தில் கோடு கிழித்த மாதிரி ஒன்றுபோல் இருக்கிறது.

தேதியையும் பார்த்துவிட்டேன். அதை எழுதப்போவதில்லை. ராத்திரி பகல் அதை நினைத்துக்கொண்டு இரு. அவன் அடிபட்ட அன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு மணி நேரம் நான் இருந்தேன். ஒருத்தரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மயிலம்மாள்


பினாங்கு
3.10.1998

மதிப்பிற்குரிய அம்மா,

தேதியை நீங்கள் எழுத வேண்டாம். கேட்கவும் மாட்டேன்.

ஆனால் நீங்கள் எழுதி அனுப்பிய அந்த ஒன்பது எழுத்து... இதைப் படித்து நான் அலுவலகத்தில் எழுந்து நின்றுவிட்டேன். அர்ச்சுனன் ஒருநாளும் அப்படி வைத்திருக்க மாட்டார். முதல் மூன்று எழுத்து வீட்டுக்காரருக்கு: படிக்கலாம், எழுதலாம், நுழையலாம். அடுத்த மூன்று கூட இருப்பவர்களுக்கு. கடைசி மூன்று ஊரில் உள்ள யாருக்கும். அடுத்தவர்களுக்கான இடத்தில் எழுத்தே இருக்கக் கூடாது, வெறும் கோடு இருக்க வேண்டும். உங்கள் மிஷினில் எல்லாமே எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது.

அப்படித் திறந்து கிடந்தால் அந்த மிஷின் எந்தச் சாவியையும் நம்பாது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ச் சாவி வரியை மாற்றியிருக்கலாமே என்று சந்தேகப்படும். சரியான சாவியாக இருந்தாலும் கண்டுகொள்ளாது. என்னை மறுத்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். அவர் எடுத்ததாகவும் இருக்கலாம். இப்போது எனக்கு இரண்டும் சமமாக நிற்கிறது. ஒரு பக்கம் என்று இருந்தபோதே நன்றாக இருந்தது.

அவர் போன பிறகு யாராவது அதைத் தொட்டார்களா? யார் திறந்தது? குற்றம் சொல்லக் கேட்கவில்லை.

மூட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், இந்த இரண்டு வரி. முதல் வரி வீட்டை மூடும், இரண்டாவது வரி சாவிக் கோப்பை மூடும்.

chmod 700 . .ssh
chmod 600 .ssh/authorized_keys

சீதாலெட்சுமி


லிங்கி எஸ்டேட்
1.11.1998

சீதாலெட்சுமிக்கு,

உன் கடிதம் வந்து நாலு வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். தீபாவளியும் போய்விட்டது. நான் விளக்கு வைக்கவில்லை.

திறந்தது நான்தான்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் பக்கம் இருக்கிறதா தெரியாது. சாவு விழுந்த வீட்டில் பதினாறு நாளைக்குப் போனவருடைய பெட்டி, அலமாரி, தகர டப்பா எதுவும் மூடியிருக்கக் கூடாது. போகிறவர் விட்டுப்போன ஒன்றைத் தேடி வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு நிற்கக் கூடாது. என் வீட்டுக்காரர் போனபோது திறந்தேன். என் மகனும் மருமகளும் போனபோதும் திறந்தேன். அர்ச்சுனனுக்கு என்ன பெட்டி இருந்தது? ஒரு சூட்கேஸ், அதைத் திறந்தேன். மோட்டார் சீட்டுக்கு அடியில் திறந்தேன். அப்புறம் இந்த மிஷின். அவன் எல்லாவற்றையும் இதற்குள்ளேதானே வைத்திருந்தான்.

வீரமுத்து வந்திருந்தான், அவன் கூட்டாளி, இப்போது ஜோகூரில் இருக்கிறான். "டேய், இதுலயும் பூட்டு இருக்கா?" என்றேன். "இருக்கு ஆயா. கண்ணுக்குத் தெரியாத பூட்டு லா." "கண்ணுக்குத் தெரியாததத்தான் மொதல்ல தெறக்கணும். ஒண்ணு வுடாம தெற." அவன் அழுதுகொண்டே ஒரே வரி அடித்தான். "அவ்ளோதான் ஆயா, எல்லாம் தெறந்தாச்சு, யாரு வேணுன்னாலும் வரலாம்" என்றான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மஞ்சள் தண்ணி தெளித்து ஒவ்வொன்றாக மூடினேன். சூட்கேஸை மூடினேன். அலமாரியை மூடினேன். நீ வாசலில் வந்து நின்றாய். உன்னைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில், என்ன மூடினேன் என்ன விட்டேன் என்றே புரியவில்லை. உன்னைத் துரத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். மிஷினை மூடச் சொல்ல மறந்தேன். எனக்கு மறதி கிடையாது என்று உனக்கு எழுதினேன் அல்லவா. இதை மறந்தேன். நாலு மாதமாக அவன் வீடு பப்பரப்பா என்று திறந்து கிடந்திருக்கிறது. நான் தினம் துணி வைத்து மேலே துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தேதி. கம்பமும் ரெண்டு கிளையும். பக்கத்தில் இருபத்திரண்டு.

செப்டம்பர் மாதமே எனக்குத் தெரியும். நாற்பது நாளாகத் தெரியும். உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் வைத்துக்கொண்டேன். நான் நல்லவள் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். சனிக்கிழமை காலையில் இருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அவன் அந்த மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தான். கை ரெண்டும் விசை மேல் இருந்தது. நான் சோறு வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். "என்னடா பண்ற?" என்றேன். "ஒண்ணும் பண்ணல ஆயா" என்றான். அவன் ஒன்றும் பண்ணவில்லை. ஒரு விசை சத்தம்கூட நான் கேட்கவில்லை. அப்போது எனக்குப் புரியவில்லை.

நேற்று உன் ரெண்டு வரியை அடித்தேன். எழுத்துகள் போய்க் கோடு வந்தது. அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு நீ அழைக்கலாம். நான் எடுக்க மாட்டேன்.

மயிலம்மாள்


பினாங்கு
10.11.1998

அம்மா,

உள்ளே வந்தேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கதவு திறந்துவிட்டது.

நான் கடைசியாக வந்த நாள் ஜூன் ஏழு என்று மிஷின் எழுதிக் காட்டியது. அது எல்லாருக்கும் அப்படித்தான் எழுதும். ஆனால் நான் கொஞ்ச நேரம் எதையும் அழுத்தாமல் இருந்தேன். என் வரியைத் திறந்து பார்த்தேன். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அவருடைய மற்றக் கோப்புகளை நான் பார்க்கவில்லை. பிறகு மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பத்து தடவை படித்திருப்பேன். அன்றைக்கு நான் ஒருமுறை அழைத்திருந்தால் போதும். டெலிபோன் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் அழைக்கட்டும் என்று இருந்தேன். உங்கள் கேஸ் சரியான ஆள் மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இதை எழுதக் கூசுகிறது. தை மாதத்தில் எனக்குக் கல்யாணம். அப்பச்சி நாள் குறித்துவிட்டார், தேவகோட்டைப் பக்கத்து மாப்பிள்ளை. அர்ச்சுனன் என்னை வெறுத்துவிட்டுப் போனார் என்றே நினைத்திருந்தால் முதலிலேயே தலையாட்டியிருப்பேன். இப்போதும் தலையாட்டிவிட்டேன். வேறு மாதிரி, அவர் வெறுக்கவில்லை என்று தெரிந்துகொண்டு.

இன்னொரு வீட்டுக்குப் போகிறவள் பெயர் அங்கே இருக்கக் கூடாது. நான் உள்ளே இருந்தபோதே எடுத்திருக்கலாம். ஒரு நொடி வேலை. அதைச் செய்யக் கை வரவில்லை. நீங்கள் எடுத்துவிடுங்கள். உங்களுக்கு உரிமை இருக்கிறது, காரணமும் இருக்கிறது. கீழே எழுதியிருக்கிறேன். கடைசி விசையை அழுத்தியதும் போய்விடும், திரும்ப வராது.

rm .ssh/authorized_keys

சீதாலெட்சுமி


லிங்கி எஸ்டேட்
29.11.1998

சீதாலெட்சுமிக்கு,

உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். இன்றைக்கு அடித்தேன். இப்போதெல்லாம் எனக்கு விசை தேட வேண்டியதில்லை, எது எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. எல்லா எழுத்தும் சரியாக விழுந்தது. வளைந்த அம்பு விசை மட்டும்தான் பாக்கி. விரலை அதன் மேல் வைத்தேன்.

உன் அம்மாவை நினைத்தேன், நினைத்தால் சுலபமாக இருக்கும் என்று. சுலபமாக இல்லை. அவன் ஒரு நாள் முழுக்க இதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். கோபம் அவனுக்கு என்னைவிட அதிகமாக இருந்தது, உரிமையும் அதிகம். அவன் அழுத்தவில்லை.

அடித்ததைப் பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பாதே, நான் வர மாட்டேன், வாழ்த்தும் சொல்ல மாட்டேன். உன் மேல் எழுதிய கேஸை நான் கிழிக்கவில்லை. ஆனால் அதே தாளில் என் பெயரையும் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை அவன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கலாம். சோறு வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

டெலிபோன்காரர்களிடம் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை வந்து கம்பியை எடுத்துப் போனார்கள். இனி இந்த வீட்டுக்கு அழைத்தால் ஒன்றும் கேட்காது. மிஷினை அணைப்பது எப்படி என்று யாரிடமும் கேட்கவில்லை. சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினேன். கண் சிமிட்டிக்கொண்டிருந்த கோடு நின்றது. மேலே ஒரு துணியைப் போட்டு மூடினேன்.

உன் வரி உள்ளே இருக்கிறது. அதை இனிமேல் யாரும் எடுக்க முடியாது.

மயிலம்மாள்